சூட்டுக்களமும் வானொலிப் பெட்டியும்: நினைவில் நிலைக்கும் நகை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நாடகத் தொடரொன்றைப் பல ஆண்டுகளுக்கு முன்னர் கேட்டவரிடத்து அதன் கதையை வினவின் அவர் தடுமாறுவார். யார் யாருக்கு உறவு, சிக்கல் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு தீர்ந்தது என்பன அவர் நினைவினின்றும் நீங்கியிருக்கும். ஆயின் அத்தொடரிலே ஒரு பாத்திரம் ஒரு சொல்லைப் பிழைபட மொழிந்த கணமோ, பெருமை பேசிக்கொண்டிருந்தவன் கால் தடுக்கி விழுந்த கணமோ அவரிடத்தே அழியாமலிருக்கும். அதனைக் கூறப் புகும்போது அவர் வெறுமனே கூறுவதில்லை. குரலை மாற்றிக்கொள்கிறார், கையை அசைக்கிறார், சிறிது நேரம் தாமே அப்பாத்திரமாகிவிடுகிறார். அழவைத்த காட்சியைப் பற்றி 'மிக உருக்கமாயிருந்தது' என்று கூறி அமைபவர், சிரிக்கவைத்த காட்சியை நடித்தே காட்டுகிறார். இவ்வேறுபாடு சிந்தனைக்குரியது.

நகைச்சுவைக் கணமொன்று ஏன் இவ்வாறு நிலைபெறுகிறது? எழுதியவரின் திறமையே காரணம் என்று கூறுவது எளிது. அஃது உண்மையின் ஒரு பகுதியே. திறமையோடு எழுதப்பட்ட எத்தனையோ சிரிப்புகள் மறுவாரமே மறக்கப்பட்டன. நிலைத்தவற்றை நோக்கின், அவை மக்கள் அன்றாடம் இடறுகின்ற ஏதோவோர் எல்லைக்கோட்டைத் தொட்டு நிற்பதைக் காணலாம். எமது நாட்டைப் பொறுத்தவரையில் அவ்வெல்லைக்கோடு பெரும்பாலும் மொழியாகவே இருந்தது. ஆகவே இவ்வினாவை உளவியல் வினாவாக மட்டுமன்றி வரலாற்று வினாவாகவும் கொள்ளுதல் பொருந்தும். இக்கட்டுரை அதற்கென இரண்டு ஆற்றுகைகளை எடுத்துக்கொள்கிறது. ஒன்று மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களின் சூட்டுக்களங்களில் ஆடப்பட்ட சொகரி. மற்றையது இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் 1970களில் ஒலித்த 'கோமாளிகள் கும்மாளம்'. தொடர்பற்றனபோலத் தோன்றும் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கத் தூண்டியது ஒரு மலை.

ஒரு மலை, இரு சரிவு

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக மேலேறி, றிவஸ்டன் கணவாயைக் கடந்து கிழக்கே இறங்கும் பாதை லக்கல பள்ளேகமவுக்குச் செல்கிறது. மடக்கிய கைவிரல்களின் முட்டிகளைப் போலத் தோன்றியமையால் ஆங்கிலேயர் 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்ட இம்மலைத்தொடரைச் சிங்களமக்கள் தும்பறை மலை என்பர். 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட இலங்கையின் மத்திய மலைநாட்டில் இதன் காடும் அடங்கும். 

இம்மலையின் மேற்குச் சரிவிலே தேயிலையும் ஏலமும், அவற்றோடு தமிழ்த் தொழிலாளர் வாழும் லயங்களும் உள்ளன. கிழக்குச் சரிவிலே படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களும், சேனைகளும், பழைய கண்டி இராச்சியத்தின் நினைவுகளைத் தாங்கிய சிங்களக் கிராமங்களும் உள்ளன. ஒரு சரிவின் மக்கள் ஆங்கிலேயரின் பெருந்தோட்டப் பொருளாதாரத்தாற் கொண்டுவரப்பட்டவர்; மறு சரிவின் மக்கள் அப்பொருளாதாரம் பெரிதும் தீண்டாது விட்ட நெல்வேளாண்மையில் நிலைத்தவர். இரு சாராருக்கும் இடையே சந்தையும் பேருந்தும் கோயிலும் உண்டு. ஆயினும் இவர் மொழியை அவரும் அவர் மொழியை இவரும் அரைகுறையாகவே அறிவர். அந்த அரைகுறையே எமது ஆய்வுப்பொருள்.

சொகரியும் சூட்டுக்களமும்

கண்டி, மாத்தளை மாவட்டங்களின் மலைக்கிராமங்களில் அறுவடை முடிந்த காலத்தில் ஆடப்பட்டு வந்த நாட்டார் நாடகமே சொகரி. லக்கலவைப் போன்று வயலும் களமும் உடைய ஊர்களே அதன் இயல்பான நிலம். அதற்கு மேடையில்லை, திரையில்லை. சூடடித்து முடிந்த வட்டமான களமே அரங்கு. சுற்றிலும் அமர்ந்த ஊர்மக்களே அவை. தீப்பந்தமும் பறையொலியும் இராப்பொழுதுமே துணை. பத்தினித் தெய்வத்துக்கு நேர்ந்து, வயலும் குடியும் செழிக்கவேண்டும் என்னும் வேண்டுதலோடு ஆடப்பட்டமையால் அது சடங்காகவும் நாடகமாகவும் ஒருங்கே அமைந்தது. அப்பத்தினித் தெய்வம் எமது கண்ணகியே என்பது இவ்விதழின் வாசகர் அறிந்ததே. சிங்களக் கிராமமொன்றின் சிரிப்புக்குக் காவல் நின்றவள் பூம்புகாரின் வணிகன் மனைவி என்பது வரலாற்றின் அழகிய முரண்களுள் ஒன்று.

கதை எளியது. காசி நாட்டிலிருந்து குருஹாமி என்னும் ஆண்டி, தன் மனைவி சொகரியோடும் வேலைக்காரனோடும் கப்பலேறி இலங்கைக்கு வருகிறான். பிள்ளைப்பேறு இல்லாமை அவர்தம் குறை. வந்த இடத்தில் மரம் வெட்டி வீடு கட்டுகின்றனர். குருஹாமியை நாய் கடிக்கிறது. மருந்து கட்ட வந்த உள்ளூர் வெதராளை, அதாவது நாட்டு வைத்தியன், சொகரியின்மேல் மையல் கொள்கிறான், இருவரும் ஓடிப்போகின்றனர். கணவன் அவளைத் தேடி மீட்கிறான். முடிவிலே குழந்தை பிறக்கிறது. ஊருக்கு ஊர் விவரங்கள் மாறுபடினும் கதையின் எலும்புக்கூடு இதுவே. சொகரியாக ஆடுபவனும் ஆண்மகனே.

இக்கதை ஒவ்வோராண்டும் அவ்வூரார் அனைவருக்கும் தெரியும். கப்பல் வரும் என்பதும் நாய் கடிக்கும் என்பதும் சொகரி ஓடுவாள் என்பதும் மடியிலிருந்த குழந்தை முதல் யாவரும் அறிந்தவை. எனினும் ஆண்டுதோறும் அதே இடத்தில் சிரிப்பு எழுந்தது. எதிர்பாராமையே நகையின் உயிர் என்னும் பொதுக்கருத்தை இது மறுக்கிறது. களத்தைச் சுற்றியிருந்தோர் எதிர்பாராததைக் கண்டு சிரிக்கவில்லை. எதிர்பார்த்தது வந்தமைக்கே சிரித்தனர். இல்லாத மரத்தை வேலைக்காரன் இல்லாத வாளால் அறுப்பதும், எசமானின் கட்டளையை வேறு பொருளில் எடுத்துக் குழப்புவதும், வெதராளை கடிவாயைப் பார்க்காது மனைவியைப் பார்ப்பதும் அவர்கள் காத்திருந்த கணங்கள்.

இன்னொன்றும் உண்டு. குருஹாமி வேற்றுநாட்டான். அவனைப் போன்று கடல்கடந்து வந்தோராகக் காட்டப்படுபவர்கள் தமிழ்ச் சொற்கள் விரவிய உடைந்த சிங்களத்தில் பேசுவது சிங்கள நாட்டார் நாடகங்களின் பழைய உத்தி. செட்டியும் ஆண்டியும் கிராமத்துக்கு வந்து, தம் நாவுக்குள் அடங்காத சொற்களோடு மல்லாடுகின்றனர். ஊர் சிரிக்கிறது. சிரித்த ஊர், பகலிலே மெய்யான செட்டியிடம் சீலையும் உப்பும் வாங்கிய ஊரே.

பேராதனையில் விரிவுரையாளராயிருந்த எதிரிவீர சரச்சந்திரர் சிங்கள நாட்டார் ஆற்றுகைகளை ஆராய்ந்து எழுதியபோது சொகரியும் அறிவுலகின் கவனத்துக்கு வந்தது. அவ்வாய்வின் வழிநின்று 1956 இல் அவர் 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதே பேராதனையில் 1960களில் ஈழத்துக் கூத்துகளுக்குப் புத்துயிரளித்ததையும் இவ்விடத்தே நினைவுகூர்தல் தகும். சிங்களவர் நாடக மரபும் தமிழர் கூத்து மரபும் ஒரே வளாகத்தில் அறிஞர் கவனம் பெற்ற காலம் அது. எனினும் அக்கவனத்தின் பெரும்பகுதி வீரத்துக்கும் சோகத்துக்கும் உரியதாயிற்று. கோமாளி சற்று ஓரமாகவே நின்றான்.

இலக்கணம் கண்ட நகை

மொழி பிறழ்வதால் எழும் நகையைத் தமிழ் இலக்கண மரபு முன்னரே அறிந்திருந்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, எள்ளலும் இளமையும் பேதைமையும் மடனும் அதன் நிலைக்களன்கள் எனக் கூறும். அதற்கு உரைவகுத்த இளம்பூரணர், செயிற்றியம் என்னும் பழைய நூலிலிருந்து காட்டும் பகுதியொன்று, நகை தோன்றும் இடங்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. குழந்தையின் மழலையும், கல்லாதவன் பேசும் கல்வியும், வலியில்லாதவன் பேசும் வீரமும் அதில் உள. வடபுலத்து ஆரியர் பேசும் தமிழும் அதில் உண்டு. வேற்றுமொழியாளர் நம்மொழியை மொழியும்போது தோன்றும் சிரிப்பு ஏதோ இக்காலத்து மலிவான உத்தியன்று என்பது இதனால் தெளிவாகும்.

ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அப்பட்டியலிலே வேற்றுமொழியாளரின் தமிழ், குழந்தையின் மழலையோடு ஒருங்கு எண்ணப்படுகிறது. மழலைக்குச் சிரிப்பவர் குழந்தையை வெறுப்பதில்லை. ஆயின் எள்ளலும் அதே நகையின் நிலைக்களனாகவே கூறப்பட்டுள்ளது. ஆகவே, ஒரே பிழையுச்சரிப்பு மழலையாகவும் கேட்கலாம்; எள்ளலாகவும் கேட்கலாம். எதுவாகக் கேட்கும் என்பதை இலக்கணம் தீர்மானிப்பதில்லை. கேட்பவரும் பேசுபவரும் வாழும் காலமே தீர்மானிக்கிறது.

வானொலியின் நால்வர்

இலங்கையில் ஒலிபரப்பு 1925 இல் தொடங்கியது. 1950 இல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 1967 இல் இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாக மாறிற்று. மின்சாரமில்லாத இடங்களுக்கும் மின்கலத்தில் இயங்கும் திரான்சிஸ்டர் வானொலி சென்றது. லயத்திலே ஒருவர் வீட்டில் பெட்டி இருப்பின் அது பல வீடுகளுக்குப் போதுமானது. தமிழகத்தின் தென்கரையிலும் இலங்கை வானொலியே இல்லத்து வானொலியாக ஒலித்ததைப் பலர் அறிவர்.

வானொலியில் நகைச்சுவை 1970களுக்கு முன்னரும் இருந்தது. இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கை நாடெங்கும் கேட்கச் செய்தது. சிங்கள ஒலிபரப்பிலே அனஸ்லி டயஸ், பேர்ட்டி குணத்திலக்க, சாமுவேல் றொட்றிகோ ஆகிய மூவரின் 'விநோத சமய' நிகழ்ச்சி பெரும்புகழ் பெற்றது. இம்மரபிலே எஸ். ராமதாஸ் எழுதி வழங்கிய 'கோமாளிகள் கும்மாளம்' தனித்துவமுடையது. அதன் மையத்தில் நால்வர் இருந்தனர். பிராமணத் தமிழ் பேசும் ஐயர். முஸ்லிம்களின் தமிழ் பேசும் மரைக்கார். யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி. சிங்களம் கலந்த தமிழ் பேசும் உபாலி. 1976 இல் 'கோமாளிகள்' என்னும் பெயரில் திரைப்படமாகவும் வந்தபோது இந்நால்வரே திரையிலும் தோன்றினர்.

இதனினும் நுட்பமானது யார் எவராக நடித்தார் என்பதே. ஐயராகக் குரல் கொடுத்தவர் பி. எச். அப்துல் ஹமீத். மரைக்காராக நடித்தவர் ராமதாஸ். அப்புக்குட்டியாக ரி. ராஜகோபாலும், சிங்களவரான உபாலியாகத் தமிழரான எஸ். செல்வசேகரனும் நடித்தனர். இந்நடிகர்கள் பிற்காலத்தில் மரைக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே வழங்கப்பட்டனர். இதைவிடச் சான்று வேண்டுமோ? பெற்றோர் இட்ட பெயருக்கு முன்னே மக்கள் தம் நினைவை இட்டு வழங்கினர். ஒரு பெயர் நிலைத்துவிட்ட பின்னர் அது சமய எல்லையையோ இன எல்லையையோ கேட்பதில்லை.

நினைவில் நிற்றலின் காரணங்கள்

இவ்விரண்டு ஆற்றுகைகளையும் அருகருகே வைத்து நோக்கின் நகைக்கணம் நிலைபெறுவதற்கான காரணங்கள் சில புலனாகும்.

முதலாவது, பாத்திரத்தின் மாறாமை. சொகரியின் வேலைக்காரன் ஒருபோதும் திருந்துவதில்லை. உபாலியின் தமிழ் ஒருவாரத்திலும் செம்மையாவதில்லை. தொடர் நாடகத்தின் சோகக் கதை முன்னேறியாகவேண்டும். நகைச்சுவைத் தொடரோ ஒவ்வொரு முறையும் தொடங்கிய இடத்துக்கே மீள்கிறது. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' அக்காலத்துக் கேட்போரைக் கண்ணீர் விடச்செய்தது. அதன் தாக்கம் கதையின் ஓட்டத்தில் இருந்தமையால், அதிலிருந்து ஒரு கணத்தைப் பிரித்தெடுத்து மறுநாள் நடித்துக் காட்டல் அரிது. நகைக்கணமோ தன்னளவில் முழுமையானது, கையடக்கமானது, பேருந்திலும் கொழுந்து நிறுக்குமிடத்திலும் கொண்டுசெல்லத் தக்கது.

இரண்டாவது, கேட்போர் முன்னரே அறிந்திருத்தல். உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்றைக் காட்டலாம். 1951 முதல் 1957 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஐ லவ் லூசி' தொடரிலே, 1952 இல் வந்த ஒரு காட்சியில் லூசியும் தோழியும் சொக்கலேற்றுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கின்றனர். நகரும் பட்டியின் வேகம் கூடக்கூட, தாளில் சுற்றமுடியாத சொக்கலேற்றுகளை வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணிக்கின்றனர். மேற்பார்வையாளரோ அவர்கள் திறமையாகச் செய்வதாக எண்ணி வேகத்தை இன்னும் கூட்டச் சொல்கிறார். பார்ப்பவர் அறிந்ததை மேற்பார்வையாளர் அறியார். பிரெஞ்சுத் தத்துவஞானி பேர்க்சன் 1900 இல் வெளிவந்த தமது நூலில், மனிதன் இயந்திரம்போல இயங்கும் இடத்தில் நகை தோன்றுகிறது என்றும், அது எப்பொழுதும் ஒரு குழுவின் நகையே என்றும் விளக்கியமை இங்கு நினைக்கத்தக்கது. பணக்கட்டுக்காக நிறைகுறையாத கொழுந்தைப் பறிக்கவேண்டிய ஒரு தொழிலாளிக்கு அச்சொக்கலேற்றுப் பட்டியின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை.

மூன்றாவது, ஒருங்கிருந்து சிரித்தல். களத்தைச் சூழ்ந்த ஊரும், ஒரு பெட்டியைச் சூழ்ந்த லயமும் தனித்திருந்து சிரிக்கவில்லை. அல்வாக்ஸ் என்னும் பிரெஞ்சுச் சமூகவியலாளர் 1925 இல் வெளியிட்ட ஆய்விலே, தனிமனிதன் தன் நினைவைத் தான் சார்ந்த குழுவின் சட்டகத்துக்குள்ளேயே பேணுகிறான் என்று காட்டினார். அருகிலிருந்தவரின் சிரிப்பும் அக்கணத்தின் பகுதியாகிவிடுகிறது. எம் முதியோர் உபாலியை நினைக்கும்போது அந்தத் திண்ணையையும் நினைக்கின்றனர்.

நான்காவது, கேட்டவரே ஆற்றுபவராதல். பாட்லற் என்னும் ஆங்கில உளவியலாளர் 1932 இல், மனிதர் கதையை நினைவிலிருந்து திருப்பிக் கூறும்போது தம் அனுபவத்துக்கு இயையுமாறு அதனை மாற்றிக்கொள்வதைச் சோதனைகளாற் காட்டினார். நகைக்கணம் மிகுதியாகத் திருப்பிச் சொல்லப்படுவது. ஆகவே மிகுதியாகச் சொல்பவர் வசமாவது. வானொலியில் மெய்யாக ஒலித்த வசனம் எது என்பதை இன்று எவரும் துல்லியமாகக் கூறார். ஆயின் ஒவ்வொருவரிடத்தும் ஓர் உபாலி இருக்கிறார்.

இந்நான்கும் எல்லா நாட்டு நகைக்கும் பொதுவானவை எனலாம். எமது நகைக்குச் சிறப்பாக உரிய ஐந்தாவது காரணம் ஒன்று உண்டு. நாள்தோறும் அச்சத்தோடு கடந்த மொழி எல்லையை அது அச்சமின்றிக் கடக்கவைத்தது. சிங்களத்தில் ழகரம் இல்லை. தமிழிலோ மொழிமுதலில் ஒலிப்புடைய வல்லினம் வருவதில்லை. ஆகவே இவர் நா அவர் சொல்லிலும், அவர் நா இவர் சொல்லிலும் இடறுவது பிறவிக் குறையன்று, ஒலியியலின் இயல்பு. கச்சேரியிலும் பொலிஸ் நிலையத்திலும் மருத்துவமனையிலும் இவ்விடறல் வெட்கத்தையும் வேலைத்தடையையும் தந்தது. வானொலியிலோ அதே இடறலால் எவருக்கும் ஒரு கேடும் வரவில்லை. மேலும் சிரிப்பு ஒருவர்மேல் மட்டும் விழவில்லை. ஒரு கணம் ஐயர், மறுகணம் மரைக்கார், பின்னர் அப்புக்குட்டி, அதன்பின் உபாலி எனச் சிரிப்பு வட்டமாகச் சுழன்றது. தன்னைச் சிரித்தவனைத் தானும் சிரிக்கும் முறை எல்லாருக்கும் கிடைத்தது. சொகரியின் களமும் வட்டமே.

சிரிப்பு உறைந்த காலம்

இதே இடறல் வேறொரு பொருள் கொண்ட நாட்களும் உண்டு. 1956 இல் சிங்களம் மாத்திரம் அரசகரும மொழியானது. 1958 இலும் 1977 இலும் 1983 இலும் தமிழருக்கெதிரான வன்செயல்கள் நிகழ்ந்தன. அந்நாட்களில் வீதியில் மறிக்கப்பட்டவர்களிடம், வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல் முதலியவற்றை உச்சரித்துக் காட்டுமாறு கும்பல்கள் கேட்டமையைத் தப்பியவர்கள் பலர் கூறியுள்ளனர். அச்சொல்லின் முதலெழுத்து ஒலிப்புடைய வல்லினம். விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்தில், யோர்தான் ஆற்றுத்துறையிலே ஒரே சொல்லின் உச்சரிப்பைக்கொண்டு எப்பிராயீமியரை இனங்கண்டு கொன்றதாக வரும் செய்தியோடு இதனை ஒப்பிடுவர். வானொலியிலே சிரிப்பை உண்டாக்கிய அதே ஒலிமாற்றம் வீதியிலே உயிரைக் கேட்டது.

கட்டுரையாளரின் தாய்வழிப் பாட்டனார் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்ந்தவர். 'கோமாளிகள் கும்மாளத்தின்' கதை எதுவும் அவருக்கு நினைவில்லை. எனினும் பேரப்பிள்ளைகளுக்கு முன்னே உபாலியின் குரலை எடுப்பதில் அவருக்கு நிகரில்லை. அக்குரலை வீட்டினுள்ளே மட்டுமே எடுப்பார். பேருந்தில் நாம் கேட்டால் தலையை அசைத்து மறுத்துவிடுவார். காரணம் கேட்டபோது, எண்பத்து மூன்றுக்குப் பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று என்று மட்டும் சொன்னார். ஒரு நகைக்கணம் அரைநூற்றாண்டாக ஒருவரிடம் நிலைத்திருப்பதற்கு, அது வேடிக்கையாயிருந்தது என்பது மட்டும் போதுமான விளக்கமாகுமா? பிழையாகப் பேசினால் சிரிப்பு மட்டுமே வரும் என்றிருந்த ஒரு காலத்துக்கு அது சான்றாக நின்றமையாலன்றோ அவர் அதனைக் கைவிடவில்லை?

1983 ஜூலையில் கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான ஹெந்தலை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது சிங்கள, தமிழ்ப் படச்சுருள்கள் பல ஒருங்கே சாம்பலாயின. நெருப்பும் இன வேறுபாடு பார்ப்பதில்லை. சுருள் எரிந்த இடத்தில் மக்கள் நினைவே ஆவணமாயிற்று.

நகையின் மறுபக்கம்

இவ்வாறு கூறுவதால் பழைய நகை அனைத்தும் தூயது என்று கொள்ளலாகாது. சொகரியின் வேலைக்காரனுக்கு இடப்பட்ட பெயரே 'பறையா' என்பது. தென்னிந்தியச் சாதிப்பெயரொன்று சிங்களத்தில் இழிசொல்லாகி, களத்தின் சிரிப்புக்கும் உரியதாயிற்று. அவன் எசமானை ஏய்க்கும்போது ஏழை உழவன் தன் நிலப்பிரபுவை நினைத்துச் சிரித்திருப்பான் என்பது மெய்யே. எனினும் அப்பெயரைக் கேட்டு மெய்யாகவே நொந்தவர் களத்தின் வெளிவிளிம்பில் நின்றிருக்கக்கூடும். பெண்ணை ஆண் நடித்து, அவள் ஓடிப்போவதை ஊர் சிரித்த நகையிலும் இவ்வாறான விளிம்பு உண்டு.

'கோமாளிகள் கும்மாளத்தின்' வட்டத்துக்கும் வெளியே ஒருவர் நின்றார். மையப் பாத்திரங்களான நால்வருள் தோட்டத் தொழிலாளியின் பேச்சு இல்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட அம்மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் தீர்மானித்திருந்தது. வானொலி நால்வரும் சிரித்துப் பேசிய ஆண்டுகளில் மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் புகையிரதங்கள் கண்ணீரோடு சென்றுகொண்டிருந்தன. அக்கண்ணீரிடையேயும் அம்மக்கள் அந்நிகழ்ச்சியைக் கேட்டனர், சிரித்தனர், நீலகிரியில் குடியேறியோர் அந்நினைவையும் உடன் கொண்டு சென்றனர். தம் குரல் இல்லாத ஒரு வட்டத்தில் தாமும் இருப்பதாக அவர்கள் உணர்ந்தமை அந்நிகழ்ச்சியின் ஆற்றலைக் காட்டுகிறது. அவர்கள் குரலுக்கு அங்கே இடமின்றிப் போனமை அதன் குறையைக் காட்டுகிறது. இரண்டையும் ஒருங்கே கூறுவதே வரலாற்று மாணவரின் கடன்.

முடிவுரை

இன்று லக்கலவின் நிலமே மாறிவிட்டது. மொரகஹகந்த – களுகங்கை அபிவிருத்தித் திட்டத்துக்காகப் பழைய பள்ளேகம நகரும் அதனையடுத்த வயல்களும் நீர்த்தேக்கத்துக்கு இடமளித்தன. மக்களுக்குப் புதிய நகரொன்று அமைக்கப்பட்டது. வறண்ட வயல்களுக்கு நீர் செல்வது நன்றே. ஆயினும் அவ்வயல்களோடு சூட்டுக்களங்களும் நீருள் ஆழ்ந்தன. சூடடிக்கும் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்ட பின்னர், எஞ்சிய ஊர்களிலும் வட்டக்களத்துக்குத் தேவை குறைந்துவிட்டது. ஒரு பெட்டியைச் சுற்றி லயமே கூடிய காலமும் முடிந்தது. தொலைக்காட்சி 1979 இல் இந்நாட்டுக்கு வந்தது. இன்றோ ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை, ஒவ்வொருவர் காதிலும் ஒரு தனிச் சிரிப்பு.

சுருங்கக் கூறின், நகைக்கணம் ஒன்று நிலைபெறுவது அதன் வசனத்தாலன்று. மாறாத பாத்திரமும், முன்னறிந்த எதிர்பார்ப்பும், உடனிருந்தோரின் சிரிப்பும், திருப்பிச் சொல்லும் உரிமையும் அதற்கு உடல் தருகின்றன. மக்கள் அஞ்சும் ஓர் எல்லையை ஒருகணமேனும் அச்சமின்றிக் கடக்கச் செய்வதே அதற்கு உயிர் தருகிறது. அவ்வெல்லையில் காவல் கடுமையாகுந்தோறும் அந்நினைவின் பெறுமதியும் கூடுகிறது.

எமது பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் இன்று ஒரே உணவுச்சாலையில் உண்கின்றனர். ஒருவர் மொழியை மற்றவர் அரைகுறையாகவே பேசுகின்றனர். அந்த அரைகுறைப் பேச்சைக் கேட்டு மேசையில் சிரிப்பு எழும்போது, அது மழலைக்கு எழுந்த சிரிப்பா, எள்ளலுக்கு எழுந்த சிரிப்பா என்பதை அங்கிருப்போர் உடனே அறிவர். இருவரும் சேர்ந்து சிரிப்பாராயின், மலையின் இரு சரிவிலும் ஆண்டாண்டாய் வாழ்ந்த ஒரு பழைய வட்டம் அங்கே மீண்டும் கூடியது எனலாம். கட்டுரையாளரின் பாட்டனாரும் ஒருநாள் பேருந்திலிருந்தே அக்குரலை எடுக்கக்கூடும்.